வன்னியில் வேலையிடக் காயம்: நட்டஈடு கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அரிசி ஆலையின் பெல்ட்டில் கை அகப்பட்டவரையும், பலகை சரிந்து மேலிருந்து விழுந்த மேசனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே பல இடங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "வீட்டில விழுந்தது எண்டு சொல்லு தம்பி, செலவெல்லாம் நான் பாக்கிறன்." வலியில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். அப்படிச் சொன்னவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் அந்த ஒரு வரி ஆஸ்பத்திரிக் கோப்பில் ஏறிவிட்டால், பிறகு சட்டப்படி நட்டஈடு கேட்கும் வழி பாதி அடைபட்டுப்போகும்.

நம் பகுதியில் காயப்பட்ட தொழிலாளர் கைவிட்டுப் போகவிடும் நட்டஈட்டுக்கு நான் காணும் முதற்காரணம், முதல் சில நாட்களில் எழுதப்பட வேண்டியது எழுதப்படாமல் போவதுதான். சட்டம் இடம் தருகிறது, கடதாசி இருப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் தொடக்க நாட்களுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தச் சட்டம், யாருக்கு?

இலங்கையில் இதற்கென்றே இருப்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். பழைய சட்டம்தான், ஆனாலும் பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போது, அந்த வேலையின் காரணமாக விபத்து நேர்ந்து காயப்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பதே அதன் மையம். முதலாளியின் பிழையால்தான் விபத்து நடந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையில் நடந்தது, வேலையால் நடந்தது என்ற இரண்டையும் காட்டினால் போதும்.

2022இல் வந்த திருத்தம் இரண்டு பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தது. நட்டஈட்டின் உச்ச வரம்பு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகளும் சட்டத்துக்குள் வந்தன. விடியற்காலையில் ஏ-9 வீதியோரம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளும், உள்ளூர் ஒழுங்கைகளில் இருட்டோடு சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு இதை "வீதி விபத்து" என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"எனக்கு நியமனக் கடிதம் இல்லையே, நாட்கூலிதானே?" என்று பலர் கேட்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை. வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்ட வேலையும் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தம்தான். வேலை பழகுகிறவர்களும் இதற்குள் வருவார்கள். இராணுவத்தினரும் பொலிசாரும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அரச திணைக்களத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பொது நிர்வாகச் சுற்றறிக்கைகளின்படி தனி ஏற்பாடு இருப்பதால் அவர்கள் முதலில் தங்கள் அலுவலகத்தில் கேட்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வெளிநாடு போனவருக்கு அந்தப் பதிவோடு சேர்ந்து காப்புறுதி உண்டு. அவருடைய கோரிக்கை பணியகத்தின் ஊடாகப் போகும்.

முதல் படி: ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வரி

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் எந்த ஆஸ்பத்திரியானாலும் உள்ளே எடுக்கும்போது "என்ன நடந்தது?" என்று கேட்டு எழுதுவார்கள். அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த இடம், என்ன வேலை, எந்த இயந்திரம், எத்தனை மணி. "கை வெட்டுப்பட்டது" என்பது போதாது. "இன்ன ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது பெல்ட்டில் கை அகப்பட்டது" என்று சொல்ல வேண்டும். காயப்பட்டவரால் பேச முடியாவிட்டால் கூடப் போன உறவினர் இதைச் சொல்ல வேண்டும். முதலாளியின் ஆளை மட்டும் பேசவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள்.

பிழையாக ஏற்கனவே சொல்லிவிட்டீர்களா? அப்படியே விட்டுவிடாதீர்கள். விடுதியில் இருக்கும்போதே வைத்தியரிடமோ சட்ட வைத்திய அதிகாரியிடமோ உண்மையைச் சொல்லி, அதையும் பதிவு செய்யும்படி கேளுங்கள். இரண்டாம் நாள் திருத்தப்பட்ட வாக்குமூலத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் "காசுக்காகக் கதை மாற்றுகிறார்" என்பார்கள்.

வெளியே வரும்போது தரும் டயக்னோசிஸ் காட்டை வாங்கி வாசித்துப் பாருங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். பெயர், திகதி, காயம், காரணம் சரியா என்று அப்போதே பார்த்தால் அங்கேயே திருத்தலாம். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, யாழ்ப்பாணத்துக்கு மாற்றி அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வீட்டிலுள்ள இன்னொருவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். 2009க்கு முன்னும் பின்னும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எத்தனையோ பத்திரங்களைத் தொலைத்த ஊர் இது. இந்தப் பையையும் தொலைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: அறிவிப்பும் முறைப்பாடும்

விபத்தை முதலாளிக்கு முடிந்தளவு விரைவில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "அவர் நேரில் பார்த்தவர்தானே, பிறகு என்ன அறிவிப்பு?" என்று நினைக்கலாம். என் கருத்து, அவர் பார்த்திருந்தாலும் எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், வேலை, விபத்து நடந்த திகதி, நேரம், இடம், காயம். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்பலாம்; அனுப்பிய பிறகு அழிக்காதீர்கள்.

பாரதூரமான காயமென்றால் பொலிஸ் நிலையத்தில் ஒரு பதிவு போடுவது நல்லது. முறைப்பாடு என்றவுடன் முதலாளியை மறியலுக்கு அனுப்புவதாகச் சிலர் பயப்படுகிறார்கள். இன்ன திகதியில் இன்ன இடத்தில் இது நடந்தது என்ற பதிவுதான் உங்களுக்குத் தேவை. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வாருங்கள். வேலைக்குப் போகும் வழியில் வீதியில் நடந்த விபத்தென்றால் இந்தப் பதிவு இல்லாமல் முன்னே போவது மிகக் கஷ்டம். அந்த முறைப்பாட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள், அல்லது வேலை முடிந்து வந்துகொண்டிருந்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள்.

அடுத்தது மாவட்டத் தொழில் அலுவலகம். தொழிற்சாலைகளையும் கட்டட வேலைகளையும் கண்காணிப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். மரணம் நேர்ந்தாலோ, காயத்தால் 3 நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போனாலோ முதலாளி தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அவர் அறிவித்தாரா என்று தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். அறிவிக்கவில்லை என்றால் நீங்களே சொல்லலாம். பொறியியலாளர் வந்து இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை உங்கள் பக்கத்துக்குப் பெரிய பலம். இயந்திரத்தைக் கழுவித் துடைத்துக் காப்பு மூடி போடுவதற்கு முன்பு இது நடந்தால் இன்னும் நல்லது. அதற்காகத்தான் கூட வேலை செய்தவர் ஒருவரைக் கொண்டு அன்றைக்கே இடத்தைப் படம் எடுப்பித்து வைக்கச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: வேலை செய்ததற்கும் சம்பளத்துக்கும் ஆதாரம்

முதலாளி முதலில் மறுப்பது விபத்தை அல்ல. "இவர் என்னிடம் வேலையே செய்யவில்லை, அன்றைக்குச் சும்மா வந்து நின்றவர்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். கல் குவாரி, மணல் லொறி, கிணறு வெட்டு, கட்டட வேலை போன்ற இடங்களில் சம்பளம் கையில்தான் கொடுக்கப்படும், சிட்டை கிடையாது. அப்படியானால் எதை ஆதாரமாகக் காட்டுவது? முதலாளி "நாளைக்கு வா" என்று அனுப்பிய செய்தி, போன் அழைப்புப் பதிவு, வேலையிடத்தில் எடுத்த படங்கள், வங்கிக்குப் போட்ட பணம், வரவு எழுதும் கொப்பியின் படம், கூட வேலை செய்தவர்களின் சத்தியக் கடதாசி. கடைசியில் சொன்னதை விரைவாகச் செய்யுங்கள். கூட வேலை செய்தவர் இன்னும் அதே முதலாளியிடம் வேலை செய்கிறவராக இருப்பார். நாள் போகப்போக அவருக்கும் பயம் கூடும். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. வேலையை விட்டுப் போன ஒருவரையும் சேர்த்துத் தேடுங்கள்.

நட்டஈடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஆகவே சம்பளம் குறைத்துக் காட்டப்பட்டால் நட்டஈடும் குறையும். சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டும் காட்டும் இடங்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் உண்மையில் கையில் வந்ததைச் சொல்லுங்கள். ஆலையிலேயே சாப்பாடும் தங்குமிடமும் தந்திருந்தால் பணமாக மதிப்பிடக்கூடிய அந்தச் சலுகைகளும் சம்பளத்தோடு சேரும். போக்குவரத்துப் படி சேராது.

யார் முதலாளி?

வீட்டுத்திட்டம், வீதி வேலை, குளத்துக் கட்டு வேலை எதை எடுத்தாலும் மேலே ஒரு பெரிய நிறுவனம், அதற்குக் கீழே கொந்தராத்துக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவர் ஊரில் ஆள் பிடிப்பவர் என்று வரிசை நீளும். விபத்து நடந்ததும் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். சட்டம் இதை எதிர்பார்த்திருக்கிறது. ஒருவர் தன் தொழிலின் ஒரு பகுதியைக் கொந்தராத்துக்கு விட்டிருந்தால், அந்தக் கொந்தராத்துக்காரரின் தொழிலாளி காயப்படும்போது மேலே இருக்கும் முதன்மையானவரிடமும் நட்டஈடு கேட்கலாம். கொடுத்த பிறகு அவர் கொந்தராத்துக்காரரிடம் அறவிடுவது அவர்களுக்கு இடையிலான விஷயம். எனவே விண்ணப்பத்தில் தெரிந்த எல்லாப் பெயரையும் எழுதுங்கள். வேலையிடத்தில் நட்டிருக்கும் திட்டப் பலகையை ஒரு படம் எடுத்தால் பாதிப் பெயர்கள் அதிலேயே கிடைத்துவிடும்.

"கதைச்சு முடிப்பம்"

இந்தக் கட்டத்தில்தான் நம் ஆட்கள் தோற்றுப்போகிறார்கள். முதலாளி ஊரில் மதிப்புள்ளவராக இருப்பார். கோயில் திருவிழாவில் உபயம் செய்கிறவர், சங்கத்தில் இருக்கிறவர், தூரத்து உறவினராகவும் இருக்கலாம். பழங்களோடும் ஒரு கடித உறையோடும் வீட்டுக்கு வருவார். கூடவே யாராவது ஒரு பெரியவர் வந்து, "அண்ணை, வழக்கு வம்பு எண்டு போனா ஒண்டும் கிடையாது, இதை வாங்கிக்கொண்டு விடுங்கோ" என்பார். உறைக்குள் ஒரு சிறிய தொகை இருக்கும். சில வேளை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளும் இருக்கும்.

அவர் தரும் உதவியை வாங்குவதில் தவறில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும்தானே. ஆனால் கையெழுத்து வைக்காதீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இரு பக்கமும் ஒரு தொகைக்கு உண்மையாகவே உடன்பட்டால் அந்த உடன்படிக்கையைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிய வேண்டும். தொகை மிகக் குறைவென்று அவர் கண்டால் பதிய மறுக்கலாம். வீட்டுத் திண்ணையில் எழுதிய தாளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஏற்கனவே வைத்துவிட்டீர்கள் என்றாலும் கதை முடிந்துவிடவில்லை; அந்தத் தாளின் பிரதியோடு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

நான்காம் படி: விண்ணப்பமும் விசாரணையும்

கோரிக்கையை விசாரிப்பவர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர்; அவருடைய அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. தூரத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் படிவத்தையும் வழிகாட்டலையும் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பலாம். விபத்து நடந்து 2 ஆண்டுகளுக்குள் கோரிக்கை போக வேண்டும். மரணமென்றால் மரணத் திகதியிலிருந்து 2 ஆண்டுகள். நியாயமான காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையாளர் மன்னிக்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள். முதலாளி "அடுத்த மாதம் பார்ப்பம்" என்று இழுப்பதே இந்த 2 ஆண்டுகளைக் கடத்துவதற்காக இருக்கலாம்.

தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். விளங்காத எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

விசாரணையில் நீங்களே தோன்றலாம். சட்டத்தரணியையோ தொழிற்சங்கத்தின் ஒருவரையோ வைத்துக்கொள்ளலாம். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்களுக்காகத்தான் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு அது இலவசமாக உதவும். அதன் நிலையம் எங்கே என்று நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். போகும்போது அடையாள அட்டை, கிராம அலுவலரின் வருமான உறுதிப்படுத்தல், அந்த ஆஸ்பத்திரிப் பை மூன்றையும் கொண்டுபோங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இதே காயத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் முதலாளி மீது தனியாக நட்டஈட்டு வழக்கும் போடலாம். அங்கே உச்ச வரம்பு இல்லை. ஆனால் முதலாளியின் கவனயீனத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். காலமும் செலவும் அதிகம். இரண்டிலும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. ஒன்றைத் தெரிவு செய்தால் மற்றது மூடப்படும். காயம் மிகப் பெரியது, முதலாளியின் அலட்சியத்துக்குத் தெளிவான சான்று இருக்கிறது என்றால் மட்டும் நீதிமன்றத்தைப் பற்றி யோசியுங்கள். அதையும் சட்டத்தரணியோடு பேசிய பிறகு செய்யுங்கள்.

முதலாளி என்னென்ன சொல்லித் தப்பலாம்?

குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், இயந்திரத்தின் காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினார். விபத்துக்கு நேர்க்காரணம் இவைதான் என்று காட்டினால் அவர் பொறுப்பிலிருந்து விலக இடமுண்டு. வெறும் கவனக்குறைவு இதில் அடங்காது. களைப்பில் கை தவறியதும் அவசரத்தில் கால் வழுக்கியதும் வேண்டுமென்றே செய்தவை அல்ல. தலைக்கவசமே தராத இடத்தில் "தலைக்கவசம் போடவில்லை" என்று சொல்வதும் எடுபடாது. தொழிலாளி இறந்துவிட்டால் இந்த மூன்று காரணங்களையும் காட்டி நட்டஈட்டை மறுக்க முடியாது.

வன்னிக்கே உரிய இன்னொரு வாதம் வரும். "இவருக்கு முன்னமே கால் சரியில்லை, செல் பட்டவர்" என்பார்கள். போர்க்காயத்தோடு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். பழைய காயம் இருப்பதால் புதிய காயத்துக்கான உரிமை போய்விடாது. இந்த விபத்தால் உழைக்கும் திறன் மேலும் எவ்வளவு குறைந்தது என்பதே கேள்வி. பழைய மருத்துவக் குறிப்புகள் இருந்தால் ஒளிக்காமல் காட்டுங்கள். முன்பு எப்படி வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதை வைத்தியர் பிரித்து எழுத அவை உதவும். உடலுக்குள் இருக்கும் செல் துண்டைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

தற்காலிகமாக வேலை செய்ய முடியாதிருந்தால் அரை மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பனவு கிடைக்கும். கூடியது 5 ஆண்டுகளுக்கு. ஓரிரு நாளில் ஆறிவிடும் சிறு காயத்துக்கு இது இல்லை. நிரந்தரமாக முடியாமல் போனால் மொத்தத் தொகை. விரல், கை, கண் என்று எந்த இழப்புக்கு எத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு வைத்தியர் வீதம் குறிப்பார். 20 இலட்சம் என்பது உச்சம் மட்டுமே. சம்பளத்தையும் இயலாமையின் வீதத்தையும் வைத்து உங்கள் தொகை அதற்குக் கீழே எங்கேயும் நிற்கலாம். முதலாளி தன் செலவில் வைத்தியப் பரிசோதனைக்கு அழைத்தால் போக மறுக்காதீர்கள். மறுத்தால் கொடுப்பனவு நிறுத்தப்படலாம். ஈய நச்சு போன்ற சில தொழில் நோய்களும் விபத்துக் காயம் போலவே கணிக்கப்படும்.

இதைத் தவிர, நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர் வயது வரும்வரை காத்திராமல் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதியிலும் நிரந்தர இயலாமைக்கும் மரணத்துக்கும் நன்மைகள் உண்டு. இவை உங்கள் சொந்த உரிமை. "அது கிடைக்கிறதுதானே" என்று சொல்லி முதலாளி நட்டஈட்டில் கழிக்க இடமில்லை.

காயத்தோடு வேலையும் போனால்

நட்டஈடு கேட்டதற்காகவோ பழையபடி வேலை செய்ய முடியவில்லை என்பதற்காகவோ நிறுத்தினால் அது தனி முறைப்பாடு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், ஒழுக்கக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ தேவை என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. தொழில் நியாயசபைக்கும் போகலாம். இங்கே காலம் குறுகியது: 6 மாதங்கள். 5 ஆண்டுகள் முடித்தவர்கள் பணிக்கொடையையும் சேர்த்துக் கேளுங்கள்.

தொழிலாளி இறந்துவிட்டால்

குடும்பத்தின் கையில் முதலாளி நேரடியாகக் கொடுக்கும் பணம் நட்டஈடாகக் கணக்கெடுக்கப்படாது. முழுத் தொகையையும் ஆணையாளரிடம் வைப்பிட வேண்டும். அவர்தான் மனைவி, பிள்ளைகள், தங்கியிருந்த பெற்றோர் என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். செத்தவீட்டுச் செலவுக்குக் கொடுத்ததை வைத்து "எல்லாம் கொடுத்து முடித்துவிட்டேன்" என்று யாரும் சொல்ல முடியாது.

மரண விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது, அழுகையின் நடுவிலும் வேலையிடத்தில் நடந்தது என்பதைப் பதிய வையுங்கள். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படும். பத்திரங்கள் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டன என்று கைவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். பிறப்புப் பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்கலாம். பதியாத திருமணம் என்றால் கிராம அலுவலரின் கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, வாக்காளர் இடாப்பு, திருமணப் படங்கள் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். "பதியவில்லை, அதனால் உரிமை இல்லை" என்று மாமன் மச்சான் சொல்வதைக் கேட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

உத்தரவு வந்தும் கொடுக்காவிட்டால்

ஆணையாளரின் கட்டளைப்படி முதலாளி பணம் கொடுக்காவிட்டால் அதை ஆணையாளருக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். நீதவான் நீதிமன்றம் மூலம் அதை அறவிட முடியும். முதலாளிக்குக் காப்புறுதி இருந்தால் அந்த நிறுவனத்தின் பெயரையும் விசாரணையின்போதே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

பணம் கைக்கு வரும் செய்தி ஊரில் பரவினால் நுண்கடன்காரரும் வாசலில் நிற்பார். இந்த நட்டஈட்டைக் கடனுக்காக முடக்கவோ, இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க வைக்கவோ சட்டம் இடம் தராது. "நட்டஈடு வந்ததும் எனக்கே தர வேண்டும்" என்று எழுதிய தாளை அவர் நீட்டினால் அதில் கையெழுத்து வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.